பாக்கெட்டைப் பார்

மெஷினிலிருந்து சட்டை வெளியே வந்தபோது அதன் நெஞ்சில் ஒரு நீலக் குளம் தேங்கியிருந்தது.

சலவைக்கடைக்காரர் சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். குளம் கொஞ்சம்கூட வற்றவில்லை.

"இத யாரு மெஷின்ல போட்டது?"

"நாந்தான்" என்றாள் மனைவி, தலையணை உறைகளை உதறிக்கொண்டே. "துவைக்கணும்னு டோக்கன் குத்தியிருந்துச்சு, துவைச்சேன். ஏன், துவைக்கிற கடைதானே இது?"

"பாக்கெட்டப் பாத்தியா?"

மனைவி நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். அங்கே 'பாக்கெட்டைப் பார்' என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. கடை திறந்த அன்று அவரே எழுதி மாட்டியது. அந்தப் பலகையின் தயவில் இதுவரை இரண்டு சாவிக்கொத்து, ஒரு பல்செட்டு, ஒருமுறை உயிருள்ள வெட்டுக்கிளி ஆகியவை தண்ணீரில் மூழ்காமல் தப்பியிருக்கின்றன.

"நேத்து வாங்கறப்பவே பாத்தாச்சு. அந்த டிரைவரே பாக்கெட்ட விரிச்சுக் காட்டினாரு, காலியா இருக்கு பாத்துக்குங்கன்னு. காலி பாக்கெட்ல காகிதம் மொளைக்கும்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

கடைக்காரர் பலகையிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார். அந்தக் காகிதத்தை முளைக்க வைத்தவர் அவர்தான்.

சட்டையின் சொந்தக்காரர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஊர் உலகமெல்லாம் கொண்டாடும் நாட்டுப்புறப் பாடகர். அன்று மாலை ஆறு மணிக்கு நகர மண்டபத்தில் அவருடைய கச்சேரி. ஊரில் அரை டஜன் சலவைக்கடை இருக்க, முந்தின நாள் அவருடைய டிரைவர் இந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். சுவரில் மாட்டியிருந்த பாடகரின் படத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு செங்கல் நிறச் சட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஐயா மேடையில போடற சட்டை. நாளைக்கு நாலு மணிக்கு வருவேன். பாக்கெட்டுக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்குங்க. ஐயாவுக்குப் பாக்கெட் முக்கியம்."

டிரைவர் போனதும் கடைக்காரர் காலரைத் திருப்பிப் பார்த்தார். அழுக்கே இல்லை. மோந்து பார்த்தார். சோப்பு வாசனை அடித்தது. பெரிய மனுஷர்களுக்கு வியர்வைகூடக் கேட்டுக்கொண்டுதான் வரும்போலிருக்கிறது என்று நினைத்தவர், துவைக்காமல் இஸ்திரி மட்டும் போட்டு மாட்டிவிட்டார். டோக்கனைக் கழற்ற மறந்துவிட்டார். மாட்டிய பிறகு அந்தக் காலிப் பாக்கெட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் அதைப் பார்த்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ரசிகர்கள் பாடகரிடம் பாட்டுக் கேட்கக் கூடாது என்பது மண்டபத்தின் கட்டளை. 'விருப்பப் பாடல் சீட்டுகள் வாங்கப்படமாட்டா' என்று வாசலிலேயே ஒட்டியிருந்தார்கள். எங்கேயோ ஒரு ஊரில் சீட்டுக் கொடுக்கிறேன் பேர்வழி என்று மேடையேறிய கூட்டம் மேளக்காரரின் கட்டைவிரலை மிதித்ததில் வந்த சட்டம் அது. அதனால் பாடகர் பெரும்பாலும் அந்த ஐந்து பாட்டைத்தான் பாடுவார். ஊரில் பாதிப் பேரின் செல்போனில் மணியாக அடிக்கும் அதே ஐந்து பாட்டு. ஆனால் திடீரென்று ஒரு ஊரில் யாருமே எதிர்பார்க்காத பழைய பாட்டு ஒன்றை எடுத்துவிடுவார். போன மாதம் பக்கத்து ஊரில் முப்பது வருஷமாக வாய் திறக்காத எறும்புப் பாட்டைப் பாடினாராம். அவருக்கு என்ன தோன்றியதோ, யாருக்கும் தெரியவில்லை. இந்த ஊர் ரசிகர்களுக்கு ஒரு வாரம் வயிறு எரிந்தது.

கடைக்காரருக்கு வேண்டியது வாளிப் பாட்டு.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு திறந்தவெளிக் கச்சேரியில் மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் சிதறி ஓடியது. நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்ற ஏழெட்டுப் பேருக்காகப் பாடகர் ஒரு பாட்டுப் பாடினார். கயிறு அறுந்து கிணற்றில் விழுந்த வாளி, இனிமேல் மேலே வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பாட்டு.

கயிறு அறுந்தது உன் குத்தம்,
கெணறு குளுந்தது என் அதிர்ஷ்டம்.

இந்த இரண்டு வரிதான் அவருக்கு ஞாபகம். எந்தக் கேசட்டிலும் அந்தப் பாட்டு இல்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. கல்யாணமான புதிதில் மனைவியிடம் ஆசை ஆசையாகப் பாடிக் காட்டினார். அவர் குரலில் எந்தப் பாட்டும் இருமல் மாதிரிதான் வரும். "இப்படி ஒரு பாட்டே கிடையாது, நீங்களாக் கட்டிவிடறீங்க" என்று அவள் சிரித்தாள். அன்றிலிருந்து கதவைப் பூட்டிவிட்டேன் என்று அவர் சொன்னால், "வாளிப் பாட்டு மாதிரியா, நிஜமாவா?" என்பாள். விஷயம் வெளியே கசிந்து, ஊர் ரசிகர்களுக்கு அவர் 'வாளியண்ணன்' ஆகிப்போனார்.

காதால் கேட்டதை இருபத்து மூன்று வருஷமாக ஒருத்தரும் நம்பவில்லை என்றால், கேட்டவனுக்கே சந்தேகம் வந்துவிடும். அவருக்கும் வந்துவிட்டது. சில நாள் குளிக்கும்போது, மழையில் ஏதாவது பிரமையோ என்று தோன்றும். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. இன்றைக்கு மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க அந்தப் பாட்டை ஒரே ஒரு தடவை பாடகர் பாடிவிட்டால் போதும். பிறகு கதவைப் பூட்டினாரா இல்லையா என்று யார் கேட்டாலும் அவருக்குக் கவலை இல்லை.

ஆகவே, 'ஐயா, வாளிப் பாட்டு. தயவுசெய்து' என்று ஒரு சீட்டு எழுதினார். ஐயாவுக்குப் போய்ப் பால்பாயிண்ட் பேனாவில் எழுதுவதா என்று, டிராயரில் கிடந்த மைப்பேனாவைத் தேடியெடுத்து எழுதி, மடித்து அந்தக் காலிப் பாக்கெட்டில் வைத்தார். மரியாதை இவ்வளவு தூரம் பரவும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"இப்ப மணி பத்து. நாலு மணிக்கு அந்த டிரைவர் வருவாரு. பாக்கெட் முக்கியம்னு வேற சொன்னாரு" என்றார்.

"என் தம்பியக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி.

மைத்துனன் மருந்துக்கடை வைத்திருந்தான். ஐந்தே நிமிஷத்தில் ஒரு பாட்டிலோடு வந்து சேர்ந்தான்.

"ஸ்பிரிட் மாமா. மைக்கறை இதோட பேரக் கேட்டாலே ஓடிரும். யாரு சட்டை இது?"

"ஒரு வாடிக்கையாளரோடது."

மைத்துனன் சட்டையைப் பார்த்தான். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். படத்தில் பாடகர் அதே செங்கல் நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். மைத்துனன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மாமா. ஊருக்கெல்லாம் வாசல் வழி அடைச்சிருக்கு. நீங்க பாக்கெட் வழியாப் போறீங்களா?"

"சத்தமாப் பேசாத மாப்ள."

"பேசல. என் சீட்டும் உள்ள போகணும். காக்காப் பாட்டு. இல்லன்னா ஸ்பிரிட் கிடையாது."

"நீ என் மச்சினனா, மாற்றானா?"

"காக்காப் பாட்டு விஷயத்துல மாற்றான்தான் மாமா."

வேறு வழியில்லாமல் கடைக்காரர் தலையை ஆட்டினார். மைத்துனன் பஞ்சை நனைத்துத் தேய்த்தான். நீலம் போனது. கூடவே செங்கல் நிறமும் போனது. பாக்கெட்டின் நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம் மிச்சமிருந்தது.

"மை போயிருச்சுல்ல?" என்றான் மைத்துனன், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு.

"சட்டையும் போயிருச்சு" என்றார் கடைக்காரர்.

மனைவிக்குப் பாவமாக இருந்தது. "நகருங்க ரெண்டு பேரும். டீத்தண்ணிய கெட்டியாப் போட்டுத் தொட்டு வெச்சா கலர் ஏறும். எங்கம்மா பழைய மேசை விரிப்புக்கெல்லாம் அப்படித்தான் பண்ணுவாங்க" என்று உள்ளே போனாள். டீத்தண்ணீர் வந்தது. வட்டத்தின் நடுவில் நன்றாக ஏறியது. ஓரத்தில் ஏறவே இல்லை. இப்போது பாடகரின் நெஞ்சில் ஒரு பொரித்த முட்டை இருந்தது.

கடைக்காரர் சட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்போதும் முட்டைதான்.

"உங்கம்மா மேசை விரிப்பு இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்றாள் மனைவி.

எதிர் வரிசை டெய்லர் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காத மனிதர். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார். சொல்லாத வேலையைச் செய்யவே மாட்டார். அவர்கள் கொண்டுபோன சட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பாக்கெட்டப் பிரிச்சுட்டுப் புதுசு வெச்சா, அடியில இருக்கற கறையும் மறைஞ்சுடும். இதே கலர்ல துணி கொண்டாங்க" என்றார்.

சலவைக்கடையில் இருந்த அத்தனை மூட்டைகளையும் மைத்துனன் கொட்டிக் கவிழ்த்தான். கடைசி மூட்டையில் செங்கல் நிறத்தில் ஒரு ஜன்னல் திரை கிடைத்தது. அச்சு அசல் அதே நிறம். கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்தார். இருபது வருஷமாக ஊரார் துணியைக் கிழியாமல் காத்த கை. முதல் தடவையாக வெட்டப் போனது.

"அது எங்க வீட்டுத் திரைதானே?"

வாசலில் கணக்கு டீச்சர் நின்றிருந்தார். திரையை வாங்கிப்போக வந்தவர். கடைக்காரர் கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மறைத்த வேகத்தில் மைத்துனனின் சட்டைப் பித்தான் ஒன்று தெறித்தது. இனி மறைத்துப் பயனில்லை என்று சீட்டு, மை, ஸ்பிரிட், டீ என்று வரிசையாக எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

டீச்சர் கடைசிவரை கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டார்.

"கீழ் ஓரத்துல வெட்டுங்க. மடிச்சுத் தெச்சுக்கறேன்."

"டீச்சர்?"

"என் சீட்டும் உள்ள போகணும் வாளியண்ணே. ஓடக்காரி பாட்டு. அவர் எப்பவும் மூணு சரணத்தோட நிறுத்திடறார். மொத்தம் பதினாறு." டீச்சர் கைப்பையிலிருந்து சிவப்பு மைப்பேனாவை எடுத்தார்.

"மை வேணாம்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

டீச்சர் பென்சிலில் எழுதினார். 'ஓடக்காரி பாட்டு. பதினாறு சரணங்களும். ஒன்றும் விடக்கூடாது' என்று எழுதி அடிக்கோடிட்டார். கடைக்காரரும் மைத்துனனும் தங்கள் சீட்டைப் பென்சிலில் எழுதினார்கள். உடனே எது மேலே இருப்பது என்று தகராறு வந்தது. கைக்கு முதலில் சிக்குவதைத்தான் பாடுவார் என்பது மைத்துனனின் வாதம். கடைசியில் கிடைப்பதுதான் மனதில் நிற்கும் என்றார் கடைக்காரர். மூன்றையும் ஒரே அளவில் வெட்டி ஒரே மாதிரி மடித்தால் மூவருக்கும் சமவாய்ப்பு என்று டீச்சர் தீர்ப்புச் சொன்னார். வெட்டி, மடித்து, அளந்து பார்த்து முடிப்பதற்குள் மணி மூன்றே கால்.

டெய்லர் புதுப் பாக்கெட்டைச் சட்டைமேல் பொருத்தி ஊசி குத்தியிருந்தார். கடைக்காரர் மூன்று சீட்டையும் உள்ளே வைத்தார். டெய்லர் சட்டையைத் திருப்பினார். மூன்றும் கீழே விழுந்தன. பொறுக்கி மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தன.

"சீட்டு கீழ விழக் கூடாதுங்க" என்றார் கடைக்காரர்.

"விழவே கூடாது" என்றான் மைத்துனன்.

"எந்தக் காரணத்தக் கொண்டும்" என்றார் டீச்சர்.

டெய்லர் தலையைத் தூக்காமல், "சரி" என்றார்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சட்டை கைக்கு வந்தது. கடைக்காரர் இஸ்திரி போட்டு உதறிப் பிடித்தார். நிறம் பொருந்தியிருந்தது, தையல் நேராக இருந்தது, பொரித்த முட்டை இருந்த இடம் தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் பாக்கெட்டுக்குள் ஒரு விரலை விட்டார். விரல் போகவில்லை. பக்கவாட்டில் முயன்றார். அங்கேயும் போகவில்லை. பாக்கெட் நாலு பக்கமும் மூடியிருந்தது.

சட்டையோடு தெருவைத் தாண்டி ஓடினார்.

"என்னங்க இது? வாயத் தெச்சு வெச்சிருக்கீங்க."

"விழக் கூடாதுன்னீங்க" என்றார் டெய்லர். "மூணு பேர் மூணு தடவ சொன்னீங்க. இனி விழாது."

"கை எப்படிங்க உள்ள போகும்?"

"கை போகணும்னு யாரும் சொல்லலியே."

அந்த நேரம் பார்த்து எதிரே வண்டி வந்து நின்றது. பிரிக்க நேரமில்லை. டிரைவர் சட்டையை வாங்கி, பாக்கெட்டை இரண்டு விரலால் லேசாகத் தட்டினார். உள்ளே காகிதம் சலசலத்தது. கடைக்காரருக்கு உயிர் போய்விட்டு வந்தது. ஆனால் டிரைவர் ஒன்றும் கேட்கவில்லை. திருப்தியாகச் சிரித்துவிட்டு, சட்டையை வண்டியில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"நெஞ்சுல காகிதம் குத்தினா எடுத்துப் பாப்பாரு மாமா" என்றான் மைத்துனன். "ஒரு மனுஷனுக்கு ஆர்வம்னு ஒண்ணு இருக்குமில்ல."

அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் ஆறு மணிக்கு எல்லாரும் மண்டபத்துக்குப் போனார்கள். மனைவி நல்ல உடையாகப் பார்த்து உடுத்தி, கடைக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வாளி வருதான்னு பாக்கத்தான் வந்தேன்" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அவர் கை சில்லிட்டிருந்ததைக் கண்டு, தன் கையை எடுத்து அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

பாடகர் மேடைக்கு வந்தார். செங்கல் நிறச் சட்டை பளபளத்தது. சபையை வணங்கினார். மைக்கைச் சரிசெய்தார். பிறகு அவருடைய வலது கை மெல்ல எழுந்து பாக்கெட்டுக்குப் போனது.

கை உள்ளே போகவில்லை.

மேலே தடவினார், இடப்பக்கம் தடவினார், கீழே தடவினார். கடைசியில் உள்ளங்கையை நெஞ்சில் பதித்து அப்படியே நின்றார். சபைக்கு நெகிழ்ந்துவிட்டது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து தன் நெஞ்சில் கை வைத்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். ஒரு நிமிஷத்தில் மண்டபமே நெஞ்சில் கை வைத்து நின்றது.

"மாமா, தேடறாரு."

"தேடல மாப்ள. அரிக்குது போல."

"திரைத் துணிதானே. தூசி இருக்கும்" என்றான் மைத்துனன்.

"எங்க வீட்டுத் திரையில தூசி இருக்காது" என்றார் பின்வரிசையிலிருந்து டீச்சர்.

பாடகர் முதல் பாட்டைப் பாடினார். அந்த ஐந்தில் ஒன்று. முடிந்ததும் கை மறுபடி பாக்கெட்டுக்குப் போனது. இரண்டாவது பாட்டு. மறுபடி கை. நாலாவது பாட்டுக்குப் பிறகு நகத்தால் தையலைச் சுரண்டிப் பார்த்தார். டெய்லரின் தையல் அசைந்து கொடுக்கவில்லை. சபை ஒவ்வொரு தடவையும் அவரோடு சேர்ந்து நெஞ்சைத் தொட்டது. ஐந்தாவது பாட்டு முடிந்ததும் பாடகர் எதையோ இழந்தவர்போல எல்லாரையும் பார்த்தார்.

"இன்னிக்கு இவ்வளவுதான் அமைஞ்சுது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மண்டபம் கைதட்டியது. மூன்று பேர் மட்டும் தட்டவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி அவரை ஒட்டியே நடந்தாள். பிறகு, "போகட்டும் விடுங்க. அப்படி ஒரு பாட்டு இருந்துச்சுன்னே நான் வெச்சுக்கறேன்" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் இருபத்து மூன்று வருஷம் காத்திருந்தார். அது இப்படி இரக்கப்பட்டுக் கிடைத்ததும் அவருக்கு இனிக்கவில்லை. அவள் கேலியே செய்திருக்கலாம். அன்று வீட்டுக் கதவைப் பூட்டியபின், "பூட்டியாச்சா?" என்று மட்டும் கேட்டாள். வாளியைப் பற்றிப் பேசவே இல்லை.

மறுநாள் காலை கடை திறந்து இஸ்திரிப் பெட்டி சூடாவதற்குள் வண்டி வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து சட்டையை மேசைமேல் வைத்தார்.

"இதப் பிரிக்கணும். இப்பவே. ஐயா வண்டியிலதான் உக்காந்திருக்காரு."

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் அந்த முகம் தெரிந்தது. ஐயாவே வந்துவிட்டார், இனி கடை இருந்தால்தான் உண்டு என்று நினைத்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

"எல்லாம் என் தப்புங்க. சட்டை சுத்தமா இருந்துச்சு, துவைக்காம விட்டேன். நம்பிக் குடுத்த பாக்கெட்ல ஆசைப்பட்டு ஒரு சீட்டு வெச்சேன். அது மெஷின்ல போயி மை ஊறிடுச்சு. அப்புறம் ஸ்பிரிட், அப்புறம் டீ, அப்புறம் டீச்சர் வீட்டுத் திரை. ஒரு பாட்டுக்காகத்தான் எல்லாம். மழையில கேட்ட பாட்டு."

"மெஷின்ல போட்டது நாந்தாங்க" என்று மனைவி முன்னால் வந்து நின்றாள். "அவர ஒண்ணும் சொல்லாதீங்க. பாட்டுன்னா அவருக்கு உயிரு."

வாசலில் வண்டியின் ஹாரன் பொறுமையில்லாமல் இரண்டு தடவை அடித்தது. டிரைவர் மேசையிலிருந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக் கடைக்காரரின் கையில் வைத்தார்.

"சீட்டு வெச்சதுல என்னங்க தப்பு, அதுக்குத்தானே ஊர் ஊருக்கு நாங்க துவைச்ச சட்டையவே சலவைக்குக் குடுக்கறோம், பாக்கெட்ல என்ன பாட்டு வருதோ அதத்தானே ஐயா பாடறாரு; ஆனா இத்தன வருஷத்துல வாயத் தெச்சு அனுப்புனது நீங்க ஒருத்தர்தாங்க."